கைக்குழந்தையின் தடிமனும் வீட்டாரின் கடமையும்

மாரி காலம் பிறந்துவிட்டால் இறக்காமத்தில் குளம் நிறைகிறது. பெரும்போக வயல்கள் பச்சை பூணுகின்றன. கூடவே வீடுகள்தோறும் குழந்தைகளின் மூக்கும் ஒழுகத் தொடங்குகிறது. முன்னவை இரண்டையும் கண்டு மகிழும் நாம் பின்னதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. "தடிமன்தானே, ரெண்டு நாளையில மாறிரும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அச்சொல் பொய்ப்பதில்லை. ஆனால் அது பொய்க்கும் நாளும் உண்டு. அந்த நாளை எவ்வாறு அறிந்துகொள்வது என்பதையே ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

ஐந்து மாதக் குழந்தையுள்ள ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். தடிமன் தொடங்கி ஆறு நாட்கள் ஆகிவிட்டன. மூக்கடைப்பினால் குழந்தை விட்டு விட்டுப் பால் குடிக்கிறது, இரவெல்லாம் சிணுங்குகிறது. வாப்பா வயலுக்குப் போயிருக்கிறார். "ஒன்னயும் இப்பிடித்தானே வளத்தேன் மகள், பயப்படாத" என்கிறார் உம்மம்மா. அடுத்த வீட்டு ராத்தா, தம் பிள்ளைக்கு வாங்கி மீந்திருந்த பாணி மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இளந்தாயோ வைத்தியசாலைக்குப் போவதா, இன்னும் ஒரு நாள் பொறுப்பதா என்று தெரியாமல் தவிக்கிறாள். போனால் "இதற்குமா வந்தீர்கள்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் ஒருபுறம், போகாவிட்டால் என்ன நேருமோ என்ற அச்சம் மறுபுறம். இத்தகைய வீடுகள் நம் ஊர்களில் பல.

முதலில் தடிமனின் இயல்பை அறிந்துகொள்வோம். தடிமனை உண்டாக்குவன வைரசுகள் எனப்படும் நுண்கிருமிகள். அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருத்தலால், ஒருமுறை தடிமன் வந்து போன குழந்தைக்கு அடுத்த மாதமே மற்றொன்று வருதல் இயற்கை. நல்ல உடல்நலமுள்ள சிறுபிள்ளைக்கும் ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை தடிமன் வரக்கூடும். ஒவ்வொன்றும் பத்து நாள், சில வேளை இரண்டு வாரம்வரை நீடிக்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் நீர்போல் ஒழுகிய மூக்குச் சளி பின்னர் மஞ்சளாகவோ பச்சையாகவோ தடிப்பதும் வழக்கமே. நிறம் மாறியதைக் கொண்டு மட்டும் நோய் முற்றிவிட்டது என்று கொள்ளலாகாது. வைரசுகளைக் கொல்லும் வலிமை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு இல்லை. ஆதலின், "அன்டிபயோட்டிக் எழுதித் தாருங்கள்" என்று வைத்தியரை நெருக்குவதாற் பயனில்லை.

அவ்வாறாயின் கைக்குழந்தையின் தடிமனுக்கு ஏன் இத்துணைக் கவனம்? சின்னஞ்சிறு குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிக்கிறது. பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டிருக்கிறது. மூக்கு அடைத்தால் பாலும் குறைகிறது, உறக்கமும் கெடுகிறது. மேலும், குழந்தையின் மூச்சுக்குழல்கள் மிகக் குறுகியவை. பெரியவருக்கு இருமலோடு நின்றுவிடும் வீக்கம் குழந்தையின் நுண்குழல்களை அடைத்து மூச்சுத் திணறலை உண்டாக்கிவிடும். இதில் முன்னணியில் நிற்பது ஆர்.எஸ்.வி. என்னும் வைரசு. 1956இல் தடிமன் பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் இது முதலிற் காணப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவிற் குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது. சாதாரணத் தடிமன்போலத் தொடங்கும் இந்நோய் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையிற் கடுமையடைவது வழக்கம். "நேற்று நன்றாக இருந்தானே" என்று பெற்றோர் திகைப்பதற்குக் காரணம் இதுவே.

எனவே நாம் கவனிக்கவேண்டியது மூக்கைவிட மூச்சையே. இதற்கு ஒரு கருவியும் வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் பப்புவா நியூகினியில் பணியாற்றிய பிராங் ஷான் முதலிய வைத்தியர்கள், எக்ஸ்ரேயும் ஆய்கூடமும் எட்டாத கிராமங்களில் நிமோனியா என்னும் நுரையீரற் காய்ச்சலை எங்ஙனம் கண்டுபிடிப்பது என்று ஆராய்ந்தனர். மூச்சின் வேகமும் நெஞ்சு குழிதலுமே நம்பத்தக்க அடையாளங்கள் என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். உலக சுகாதார நிறுவனம் அதனை ஏற்று, உலகெங்கும் உள்ள சுகாதார ஊழியர்களுக்கு மூச்சை எண்ணக் கற்பித்தது. அந்தக் கணக்கு மிக எளியது:

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுமாயின் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிரம்பும்வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல்.

எண்ணும் முறையையும் கூறுவோம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, அல்லது உறங்கும்போது, சட்டையை மேலே உயர்த்தி வயிறும் நெஞ்சும் தெரியும்படி செய்யவேண்டும். ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும்; குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராதாகையால் கால் நிமிடம் எண்ணி நான்காற் பெருக்குவது பிழை தரும். எண்ணிக்கை மிகுதியாயின் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். பாடசாலை செல்லும் மாணவ மாணவியரே! தம்பி தங்கையரின் மூச்சை எண்ணும் இப்பணியை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம்.

எண்ணிக்கையோடு வேறு சில அடையாளங்களையும் பார்க்கவேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் குழிதல், மூக்குத் துவாரங்கள் விரிதல், ஒவ்வொரு மூச்சிலும் முனகுதல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், உதடும் நாக்கும் நீலம் பாரித்தல், பாலைக் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழியாத மயக்கம் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. பால் வழக்கத்தின் அரைப்பங்காகக் குறைந்தாலும், துணி நனைவது வெகுவாகக் குறைந்தாலும், மூச்சு வேகமானாலும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 பாகை செல்சியசு, அதாவது 100.4 பாகை பரனைட்டு, காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே. இந்த வயதில் நாமாகக் காய்ச்சல் மருந்து கொடுத்து ஒருநாள் பார்ப்போம் என்று இருத்தல் தகாது.

எங்கே செல்வது என்ற கேள்விக்கு இறக்காமத்தார் திகைக்கவேண்டியதில்லை. ஊரிலேயே அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. அங்குள்ள வைத்தியர் தேவையெனக் கண்டால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார். அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அம்பாறையிற் பொது வைத்தியசாலையும், கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். நிலைமை கடுமையாயின் 1990 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களிற் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். ஒன்றை மட்டும் நினைவிற்கொள்வோம். மாரியில் நம் வீதிகளை வெள்ளம் மறிப்பதுண்டு. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியருகே வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளம் பிள்ளைகளின் உயிர்களைக் கொண்டுபோனதை இப்பகுதியார் மறந்திலர். பகலிற் புறப்படக்கூடிய பயணத்தை நள்ளிரவுக்கும் வெள்ளத்துக்கும் விட்டுவைப்பது பேதைமை.

மூச்சும் பாலும் நன்றாக இருந்தும் தடிமன் மட்டும் விடாமல் நீடித்தால் என் செய்வது? பத்து நாளாகியும் குறையாவிட்டால் ஒருமுறை காட்டுவது நன்று. இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால் கட்டாயம் காட்டவேண்டும். நீடிக்கும் சளியின் பின்னே பல காரணங்கள் மறைந்திருக்கலாம். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் நாற்றமுள்ள சளி வடிந்தால், தவழும் பிள்ளை மணியையோ விதையையோ உள்ளே நுழைத்திருக்கக்கூடும். பால் குடிக்கையில் வியர்த்துக் களைக்கும் குழந்தைக்கு இருதயக் குறை இருக்கலாம். அடுக்கடுக்காக இருமி முகம் சிவப்பது குக்கலாக இருக்கலாம். இந்நோயைத் தடுக்கும் ஊசி இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிற் போடப்படுவதால் அதனைத் தவறவிடலாகாது. வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்தால் அதை மறைக்காமற் சொல்லவேண்டும். அடிக்கடி முட்டும் இழுப்பும் வருமாயின் அதையும் தனியே ஆராயவேண்டும்.

வைத்தியர் முன் உட்கார்ந்ததும் வாயடைத்துப் போகாமலிருக்க, வீட்டிலேயே ஒரு துண்டுக் கடதாசியிற் சிலவற்றைக் குறித்துக்கொள்வது உதவும். தடிமன் தொடங்கிய நாள், காய்ச்சலின் அளவு, ஒரு நாளில் எத்தனை முறை பால் குடித்தது, எத்தனை துணி நனைந்தது, மூச்சின் எண்ணிக்கை, கொடுத்த மருந்துகள் ஆகியனவே அவை. நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் ஒளிக்காமற் சொல்லுதல் வேண்டும். கிளினிக்கிற் தந்த வளர்ச்சிப் பதிவேட்டை உடன் கொண்டுபோகவேண்டும். குழந்தையின் எடை ஏறுகிறதா, தேங்கியிருக்கிறதா என்பதை அது ஒரு நொடியிற் காட்டிவிடும். 1926இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாகவே இன்று மருத்துவமாது நம் வாசலுக்கு வருகிறார். ஐயம் வந்தால் அவரிடமும் கேட்கலாம்.

இனி வீட்டில் செய்யத்தக்கவை. தாய்ப்பாலைக் குறைக்காமல், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்கவேண்டும். ஒரு கோப்பை கொதித்தாறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, பால் கொடுக்குமுன் ஒவ்வொரு துவாரத்திலும் ஓரிரு துளி விட்டால் அடைப்பு இளகும். இந்நீரை நாள்தோறும் புதிதாகச் செய்யவேண்டும். வெளியிலிருந்து வருவோர் கை கழுவிய பின்னரே குழந்தையைத் தொடவேண்டும்.

செய்யத்தகாதனவும் சில உண்டு. மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். அது நுரையீரலுக்குள் இறங்கி வேறு வகை நிமோனியாவை உண்டாக்கவல்லது. கர்ப்பூரம் சேர்ந்த தைலங்களைக் கைக்குழந்தைக்குப் பூசலாகாது. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு விறகடுப்பு ஊதுவதும், வாப்பா வீட்டினுள் சிகரெட் புகைப்பதும் புண்ணான மூச்சுக்குழலில் மேலும் புண் செய்வனவே. தேனின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி நஞ்சை உண்டாக்கிவிடும். அடுத்த வீட்டுப் போத்தலையும் நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கடையில் வாங்கும் தடிமன், இருமல் மருந்துகளைக் கொடுக்கலாகாது என்பதே வைத்தியர்களின் முடிபு. பெரியோர் ஓதிப் பார்ப்பதை எவரும் தடுப்பாரில்லை. அதனை வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் ஓதலாம்.

மீண்டும் அந்த வீட்டுக்கே வருவோம். பாடசாலையிலிருந்து வந்த மூத்த பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறாள். நாற்பது என்று வந்து, குழந்தையும் சிரித்துப் பால் குடிக்குமாயின், உம்மம்மாவின் சொல்லே சரி; உப்புநீரோடும் பொறுமையோடும் காத்திருக்கலாம். ஐம்பத்தெட்டு என்று வந்து, விலாவும் குழிந்தால், வயலிலிருக்கும் வாப்பாவுக்கு ஆளனுப்பிவிட்டு அவர் வரும்வரை காத்திராமல் புறப்படவேண்டும். கூச்சமோ அச்சமோ இங்கு முடிவு செய்யவேண்டியதில்லை. ஒரு நிமிடம் எண்ணிய கணக்கு முடிவு சொல்லும். அந்த ஒரு நிமிடத்தை நம் குழந்தைகளுக்குக் கொடுப்போமாக.