முதலில் தொடங்கியது யார்?

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இலண்டன் மாநகரின் ஸ்டாம்போர்டு பிரிட்ஜ் அரங்கில் செல்சி அணியும் டாட்டன்ஹாம் அணியும் மோதின. ஆட்டம் 2-2 என்ற கணக்கில் சமனில் முடிந்தது. நான்கு கோல்களும் பேசத் தகுந்தவைதான். ஆயினும் அன்று மாலை முதல் இரசிகர்கள் பேசியதெல்லாம், எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்ற இரு பயிற்சியாளர்களைப் பற்றியே.

நடந்தது இதுதான். 68-ஆம் நிமிடத்தில் டாட்டன்ஹாம் வீரர் ஹாய்பியர் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அதற்குச் சற்று முன் தம் அணியின் ஹாவர்ட்ஸ் விதிக்குப் புறம்பாக வீழ்த்தப்பட்டார் என்றும், நடுவர் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றும் செல்சியின் அப்போதைய பயிற்சியாளர் தாமஸ் டூகல் கொதித்துப் போயிருந்தார். அந்த நேரத்தில் டாட்டன்ஹாமின் அப்போதைய பயிற்சியாளர் அந்தோனியோ கோன்டே, செல்சி அணியினர் அமர்ந்திருந்த பக்கமாகத் திரும்பி மகிழ்ச்சியைக் கொண்டாடினார். இருவரும் மார்போடு மார்பு மோதி நின்றார்கள். இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது.

77-ஆம் நிமிடத்தில் செல்சி மீண்டும் முன்னிலை பெற்றபோது, டூகல் கோன்டேயைக் கடந்து எல்லைக்கோட்டின் ஓரமாகவே ஓடிக் கொண்டாடினார். கூடுதல் நேரத்தின் 6-ஆம் நிமிடத்தில் ஹாரி கேன் தலையால் முட்டி ஆட்டத்தை மறுபடியும் சமனாக்கினார். இறுதி விசில் ஒலித்தது. வழக்கப்படி இருவரும் கைகுலுக்கினர். கோன்டே தம் முகத்தைப் பாராமல் கடந்துபோனது டூகலுக்குப் பொறுக்கவில்லை. பிடித்த கையை அவர் விடவில்லை. மீண்டும் தள்ளுமுள்ளு. இம்முறை இருவருக்கும் சிவப்பு அட்டை.

அதன் பிறகு எழுந்த விவாதத்தை நாம் எளிதாக ஊகிக்கலாம். "கையைப் பிடித்து இழுத்தவர் டூகல்தானே, கோன்டேக்கு எதற்குச் சிவப்பு அட்டை?" என்றார்கள் ஒரு சாரார். "முதலில் சீண்டியது கோன்டே அல்லவா?" என்றார்கள் மறு சாரார். "இல்லை, நடுவர் ஒழுங்காக விசில் ஊதியிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது" என்றார்கள் வேறு சிலர். மூன்று பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: முதலில் தொடங்கியது யார்?

இந்தக் கேள்வி கால்பந்தாட்டத்துக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் பிள்ளைகள் சண்டையிடும்போதும், பக்கத்து வீட்டோடு வரப்புத் தகராறு வரும்போதும் நாம் கேட்பது இதைத்தான். எனவே ஆடுகள விதிகள் இக்கேள்வியை எப்படி அணுகுகின்றன என்று அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

அட்டை எதற்காக?

பயிற்சியாளரும் மாற்று வீரர்களும் அமரும் இருக்கைகளைச் சுற்றி ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். இருக்கைகளின் இரு பக்கமும் ஒரு மீட்டர், முன்பக்கம் எல்லைக்கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பு வரை என்பது அதன் அளவு. அங்கே நிற்பவர்கள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பது விதி. இரு அணிகளின் இருக்கைகளுக்கும் நடுவே நின்று அவர்களைக் கவனிப்பவர் நான்காம் நடுவர்.

வீரர்களுக்கு மஞ்சள், சிவப்பு அட்டைகள் காட்டும் வழக்கம் 1970-ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் தொடங்கியது. போக்குவரத்து விளக்கைப் பார்த்து இந்த எண்ணம் தோன்றியதாகக் கூறியவர் ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன். ஆனால் பயிற்சியாளர்களுக்கும் அட்டை காட்டலாம் என்ற விதி 2019-ஆம் ஆண்டில்தான் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. எதிரணியின் பகுதிக்குள் சண்டைக்குப் புகுந்தாலோ, தம் எல்லையை விட்டு வெளியே வந்து சீண்டினாலோ, யாரையாவது தாக்கினாலோ சிவப்பு அட்டை. தவறு செய்தவர் இன்னார் என்று கண்டறிய முடியாவிட்டால், அங்கே நிற்கும் தலைமைப் பயிற்சியாளரே அந்த அட்டையை ஏற்க வேண்டும். தலைவனாக இருப்பதன் சுமையை இந்த விதி எடுத்துச் சொல்கிறது.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே காட்டப்படும் அட்டை, யார் முதலில் தொடங்கினார் என்பதற்கான தீர்ப்பு அன்று. "நீ இப்போது செய்தது என்ன?" என்ற ஒரே கேள்விக்கான விடை அது. தீப்பற்றி எரியும்போது முதலில் தண்ணீர் ஊற்றுகிறோம். கொளுத்தியது யார் என்பதைப் பிறகு விசாரிக்கிறோம். அதுபோலவே, ஆடுகளத்தில் ஒழுங்கைக் காப்பது நடுவரின் வேலை. குற்றத்தின் அளவை நிறுத்துப் பார்ப்பது பின்னர் கூடும் ஒழுங்கு நடவடிக்கை ஆணையத்தின் வேலை.

டூகல், கோன்டே விவகாரத்திலும் அப்படியே நடந்தது. களத்தில் இருவருக்கும் ஒரே நிற அட்டைதான். ஆனால் பின்னர் விசாரித்தபோது, டூகலுக்கு 35,000 பவுண்டு அபராதமும் ஓர் ஆட்டத்துக்குத் தடையும் விதிக்கப்பட்டன. கோன்டேக்கு 15,000 பவுண்டு அபராதம் மட்டுமே; தடை இல்லை. "இருவருக்கும் ஒரே தண்டனையா?" என்று கொதித்தவர்கள், பொறுத்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

இரண்டாமவர் மாட்டிக்கொள்வது ஏன்?

"சீண்டியவன் தப்பிக்கிறான், பதிலடி கொடுத்தவன் வெளியேற்றப்படுகிறான்" என்பது இரசிகர்களின் பழைய மனக்குறை. அதற்குக் காரணம் இருக்கிறது. சீண்டல் பெரும்பாலும் சொல்லால் நடக்கிறது. நடுவர் காதில் அது விழுவதில்லை. பதிலடியோ கையால், காலால் நடக்கிறது. அரங்கம் முழுவதும் அதைப் பார்க்கிறது. பந்துக்காக அன்றி எதிராளியை அளவுமீறிய பலத்தோடு தாக்கினாலும், தாக்க முயன்றாலும் சிவப்பு அட்டை என்பது விதி. சீண்டப்பட்டவருக்கு விலக்கு உண்டு என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

1998-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை நினைத்துப் பார்ப்போம். அர்ஜென்டினாவின் சிமியோனே பின்னாலிருந்து இடித்துத் தள்ளியதில் இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் குப்புற விழுந்தார். விழுந்த நிலையிலேயே காலை உயர்த்திச் சிமியோனேயைத் தட்டினார். சிமியோனேக்கு மஞ்சள், பெக்காமுக்குச் சிவப்பு. தாம் விழுந்ததைச் சற்று மிகைப்படுத்தியதாகச் சிமியோனேயே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றது. அதன் பிறகு சொந்த நாட்டு மக்களே பெக்காமின் உருவப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். 23 வயது இளைஞர் ஒரு நொடிப் பொழுதில் செய்த தவற்றுக்கு மாதக்கணக்கில் வசைகளைச் சுமந்தார். சிவப்பு அட்டை அவரை ஓர் ஆட்டத்திலிருந்து வெளியேற்றியது; இரசிகர்களின் கோபமோ அவரை நாட்டிலிருந்தே வெளியேற்றப் பார்த்தது.

2006-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் பெர்லினில் நடந்த இறுதி ஆட்டத்தை மறந்தவர் இருக்க முடியாது. 110-ஆம் நிமிடத்தில் பிரான்சின் ஜிடேன் இத்தாலியின் மட்டராசியைத் தலையால் மார்பில் முட்டி வீழ்த்தினார். நான்காம் நடுவர் சொல்லக் கேட்டு, நடுவர் எலிசோந்தோ சிவப்பு அட்டை காட்டினார். உலகக் கோப்பையைத் தாண்டி, தலை கவிழ்ந்தபடி ஜிடேன் நடந்துபோன காட்சி இன்றும் நம் கண்முன் நிற்கிறது. பின்னர் விசாரித்த பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு, முட்டிய ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும், வார்த்தையால் சீண்டிய மட்டராசிக்கு இரண்டு ஆட்டத் தடையும் விதித்தது. சொல்லும் குற்றமே என்று அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் சொல்லைக் காரணம் காட்டிச் செயலை நியாயப்படுத்த அது மறுத்தது. ஜிடேன் ஓய்வு பெற்றுவிட்டதால், தடைக்கு ஈடாகச் சிறுவர்களுடன் மூன்று நாள் சமூகப் பணி செய்தார்.

மனக்குறையில் நியாயம் இருந்தால்?

கடினமான பகுதி இனிமேல்தான். இரசிகர்களின் மனக்குறை எல்லாமே பொய் என்று நாம் தள்ளிவிட முடியாது. ஸ்டாம்போர்டு பிரிட்ஜில் ஹாரி கேன் கோல் அடிப்பதற்குச் சற்று முன், டாட்டன்ஹாமின் ரொமேரோ செல்சியின் குகுரெயாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். நடுவர் ஆன்டனி டெய்லர் தண்டனை தரவில்லை. காணொளி நடுவராக இருந்த மைக் டீனும் அவரைத் திரையில் பார்க்கும்படி அழைக்கவில்லை. அழைத்திருக்க வேண்டும் என்றும், தாம் செய்தது தவறு என்றும் 2023-ஆம் ஆண்டில் டீனே வெளிப்படையாகக் கூறினார். ஆக, செல்சி இரசிகர்களின் கோபத்துக்கு அடிப்படை இருந்தது.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போயிற்று? டெய்லர் இனி செல்சி ஆட்டங்களுக்கு நடுவராக வரவே கூடாது என்ற மனுவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். அவரைப் பற்றிக் கூறிய கருத்துக்காக டூகல் மேலும் 20,000 பவுண்டு அபராதம் கட்ட நேர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2023-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் புடாபெஸ்டில் ஐரோப்பா லீக் இறுதி ஆட்டம். செவில்லாவும் உரோமா அணியும் மோதின. நடுவர் அதே டெய்லர். பெனால்டி உதைகளில் உரோமா தோற்றது. தங்களுக்குரிய ஒரு பெனால்டி மறுக்கப்பட்டது என்பது அவர்களின் மனக்குறை. உரோமாவின் அப்போதைய பயிற்சியாளர் ஜோசே மொரீனியோ, அரங்கின் வாகன நிறுத்துமிடத்தில் காத்திருந்து நடுவரைத் தகாத வார்த்தைகளால் ஏசினார். அதற்காக அவருக்கு நான்கு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. மறுநாள் விமான நிலையத்தில், குடும்பத்தோடு ஊர் திரும்ப வந்த டெய்லரை உரோமா இரசிகர்கள் சூழ்ந்து கூச்சலிட்டார்கள். ஒரு நாற்காலியே அவர்களை நோக்கி வீசப்பட்டது. ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அவர் குடும்பத்தார் செய்த குற்றம் என்ன?

எல்லைக்கோட்டில் பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம் அரங்கின் சுவர்களுக்குள் நின்றுவிடுவதில்லை. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு மைதானங்களில் நடுவராக இருப்பவர்கள், பெற்றோராலும் வீரர்களாலும் ஏசப்பட்டும் தாக்கப்பட்டும் வந்ததால், 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர்களுள் சிலரின் மார்பில் கேமரா பொருத்திப் பார்க்கும் சோதனை தொடங்கப்பட்டது. காவலருக்குத் தேவைப்படும் கருவி, சிறு மைதானத்தில் விசில் ஊதுபவருக்கும் தேவைப்படுகிறது என்றால், நாம் எங்கே வந்து நிற்கிறோம்?

நம்மை நாமே கேட்டுக்கொள்ள

இரசிகர்கள் விவாதிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தம் அணியின் மேல் அன்பு கொண்டவர் பேசாமல் இருக்க மாட்டார். நீதி வேண்டும் என்ற தாகம் நல்லதுதான். ஆயினும் பேசும் முன் மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, நாம் முழுவதையும் பார்த்தோமா, அல்லது நமக்குப் பிடித்த பத்து நொடிக் காட்சியை மட்டும் பார்த்தோமா? இரண்டாவது, நடுவர் கேட்ட கேள்வி வேறு, நாம் கேட்கும் கேள்வி வேறு என்பதை உணர்ந்திருக்கிறோமா? மூன்றாவது, இரு வீரர்களின் சட்டை நிறங்களை மாற்றிப் போட்டாலும் இதே தீர்ப்பைத்தான் சொல்வோமா? இந்த மூன்றாம் கேள்வியில்தான் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

"முதலில் தொடங்கியது யார்?" என்பது தள்ளிவிடத் தக்க கேள்வி அன்று. அதை விசாரிப்பதற்கு இடமும் நேரமும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் நாம் ஒவ்வொருவரும் விடை சொல்ல வேண்டிய கேள்வி வேறொன்று: "அவர் தொடங்கினார், சரி, அதன் பிறகு நான் செய்தது என்ன?" கோன்டேயைப் பற்றியும் டூகலைப் பற்றியும் காரசாரமாகப் பேசி முடித்த பின், நம் வீட்டில், நம் தெருவில் இன்னும் கைகுலுக்காமல் நிற்கும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவர் கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், அவர் முகத்தைப் பாராமல் கடந்து போகவும் வேண்டாம்.