உதடு விறைத்தும் பல் விறைக்காதபோது

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், சூத்தை ஆழமாக இறங்கிய கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றுவதா பிடுங்குவதா என்பதை, பல்லின் நிலையைவிட வலி பற்றிய அச்சமும் கிளினிக்குக்குப் போய்வரும் தூரமுமே பல வேளைகளில் தீர்மானித்துவிடுகின்றன. அரச வைத்தியசாலையில் பல்லைப் பிடுங்குவது இலவசமாக ஒரே வருகையில் முடிந்துவிடும். வேர்க்குழாய் சிகிச்சை, அதாவது பல்லின் உட்கூழை அகற்றி வேர்களுக்குள் ஓடும் நுண்குழாய்களைச் சுத்திசெய்து அடைக்கும் சிகிச்சை, வழக்கமாகப் பல வருகைகளைக் கோருவதால், மண்டூரில் பாதை எனப்படும் மிதவைப் படகேறி வாவியைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு வரும் படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) விவசாயிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாட்கூலி இழப்பாகிறது.

பற்கூழ் என்பது நரம்பும் இரத்தக்குழாய்களும் நிறைந்த மென்திசு. குளிர்நீர் பட்டதும் சுள்ளென்று குத்தி, சில நொடிகளில் அடங்கும் வலி, கூழின் அழற்சி இன்னும் மீளக்கூடியது என்பதைக் காட்டுகிறது. நிமிடக்கணக்கில் நீடித்து, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலியை மருத்துவர்கள் மீளா அழற்சியின் அடையாளமாகக் கொள்வர்.

விறைப்பு ஊசி தோற்கும் வாய்ப்பு அதிகமாக இருப்பதும் இந்த இரண்டாம் நிலையில்தான். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லுக்கு, தாடையெலும்புக்குள் நுழையும் நரம்பின் அருகே லிக்னோகெயின் செலுத்தப்படுகிறது; உதடும் நாக்கும் முற்றாக விறைத்த பின்னரும், துளைக்கும் கருவி கூழை நெருங்கும்போது நோயாளி துடிக்கக்கூடும். அழற்சியுற்ற நரம்பிழைகள் எளிதில் தூண்டப்படுவதும், அவற்றில் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத, வலிச் சமிக்ஞையைக் கடத்தும் சோடியம் வாயில்கள் பெருகுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே உதடு விறைத்தபின்னும் வலிக்கிறது என்று சொல்பவரைக் கோழையென்று கருதுவது மருத்துவ ரீதியாகவே தவறு. துளைக்கத் தொடங்குமுன் குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்து உணர்வு போய்விட்டதா என்று பார்ப்பதும், போகாவிட்டால் பல்லைச் சுற்றியுள்ள இணைப்புத்திசுவிலோ எலும்பிலோ மேலும் ஊசி இடுவதும் நோயாளிக்குச் செய்யவேண்டிய கடமையாகும்.

ஆர்டிகெயின் என்ற மருந்தைப் பல்லின் கன்னப்பக்க ஈறில் கூடுதலாகச் செலுத்துவது பயன்தருவதாகப் பல ஆய்வுகள் காட்டினாலும், அதையே தாடை நரம்பருகே இட்டால் நாக்கிலும் உதட்டிலும் மரத்த உணர்வு நீடிக்கலாம் என்ற ஐயம் இன்னும் விவாதத்திலுள்ளது. சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம் முன்பு இபுப்ரொஃபென் விழுங்குவது ஊசியின் வெற்றியைக் கூட்டுகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது.

பல்வலிக்கு ஃபாமசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போடும் பழக்கத்துக்கு அத்தகைய ஆதாரம் இல்லை. மீளா அழற்சி வலியை அன்டிபயோட்டிக் தணிப்பதில்லை என்பதால், பல்லுக்கே உடனடிச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் அதைக் கொடுக்க வேண்டாமென அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டியது. முகம் வீங்கிக் காய்ச்சலும் வரும்போது நிலைமை வேறு. அப்போது தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். டெங்கு ஓயாத மாவட்டத்தில் இன்னொரு எச்சரிக்கையும் இன்றியமையாதது: காய்ச்சல் இருக்கையில் இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் போன்றவை இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டுவதால், பரிசோதனை முடியும்வரை அளவோடு பனடோல் மட்டுமே எடுக்கத்தக்கது.

வேர்க்குழாய் சிகிச்சையை ஒரே வருகையில் முடிப்பதா, பல வருகைகளா என்ற வாதத்தில் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள் நீண்டகால வெற்றியில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஒரே வருகையில் முடித்தோருக்கு முதல் வாரத்தில் வலி சற்று அதிகமாக இருக்கலாம் என்றே அவை குறிப்பிடுகின்றன. தூரத்திலிருந்து வருபவருக்கு அந்தச் சில நாள் வலி ஏற்கத்தக்க விலையாக இருக்கலாம். அதை அவரிடம் கேட்காமல் மருத்துவர் தாமே முடிவுசெய்வது பொருத்தமற்றது.

வருகைகளைக் குறைப்பதில் இதைவிடப் பெரிய மாற்றம், கூழின் மேற்பகுதியை மட்டும் அகற்றும் முறை. 1990களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்டிஏ என்ற சிமெந்து இதற்கு வழிதிறந்தது. பல்லின் கூரையைத் திறந்து, தலைப்பகுதியிலுள்ள கூழை வெட்டியெடுத்த பின்னர், சோடியம் ஹைபோகுளோரைட்டில் நனைத்த பஞ்சை மருத்துவர் சில நிமிடங்கள் அழுத்தி வைக்கிறார். இரத்தம் நின்றால் வேர்க்கூழ் பிழைக்கும் எனக் கருதி அதன்மேல் சிமெந்தை இட்டு மூடுகிறார், நிற்காவிட்டால் முழுச் சிகிச்சைக்குப் போகிறார். ஈரானில் பல நிலையங்களில் இதையொத்த சிமெந்தைக் கொண்டு நடந்த சோதனையின் ஐந்தாண்டு முடிவுகள், மீளா அழற்சியுற்ற கடைவாய்ப்பற்களிலும் இம்முறை வேர்க்குழாய் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல எனக் காட்டின. வேர்க்குழாய்களுக்குள் ஊசிபோன்ற கருவிகளைச் செலுத்தும் நீண்ட வேலை தவிர்வதால், வருகைகள் குறையவேண்டிய வாவிக்கரைக்கு இது மிகவும் பொருந்தும். சிமெந்தின் விலையே தடை.

எந்தத் தெரிவானாலும் பல் முற்றாக உடைந்துபோகுமுன் வரவேண்டும், வாயும் திறக்கவேண்டும். நீண்டகாலம் பாக்குப் போடுவோருக்கு வாயின் உட்சவ்வு இறுகும் நோய் ஏற்பட்டு, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காத நிலை வரலாம். அப்போது பின்கடைவாய்க்கு ஊசியும் எட்டாது, கருவியும் எட்டாது, பிடுங்குவதும் கடினமாகும். வெற்றிலை போடுபவருக்குக் காரம் பட்டதும் வாய் எரிந்தாலோ கன்னத்தின் உட்புறம் வெளிறினாலோ, பல் வலிக்காதபோதும் அவர் பல் கிளினிக்குக்குச் செல்லவேண்டும்.