பெட்ஃபோர்டு சபையின் பிறப்பும் வளர்ச்சியும்

சுயாதீன சபை என்னும் சொல் நம்மில் பலருக்கு ஒருவித ஐயத்தையே எழுப்புகிறது. பேராயரும் பேரவையும் இல்லாத சபை, ஒரு தனி மனிதரின் நாவன்மையில் தோன்றி அவரோடு மறைந்துபோகும் என எண்ணிப் பழகியிருக்கிறோம். அவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. எனினும் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்னும் சிறு நகரில் 1650ஆம் ஆண்டு பன்னிருவரால் தொடங்கப்பெற்ற சுயாதீன சபையொன்று, தன் முதற் போதகரை ஐந்தே ஆண்டுகளில் இழந்தும், ஆலயத்தைப் பறிகொடுத்தும், சிறைக்கும் அபராதத்துக்கும் உள்ளாகியும் அழியாது நிலைத்தது. 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியனின் சபை என்றே நாம் அதனை அறிவோம். அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார் என்பதால், அச்சபைக்கு நாமும் ஒருவகையில் கடன்பட்டவர்களே. ஆனால் பனியன் அச்சபையை ஸ்தாபிக்கவில்லை. அச்சபையே பனியனை உருவாக்கிற்று.

அதன் முதற் போதகர் ஜான் கிஃபர்டு. இவரது முன்வாழ்வைக் காணின், எந்த நியமனக் குழுவும் இவரை ஏற்றிருக்குமா என்பது சந்தேகமே. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று போரிட்ட படை அதிகாரி இவர். 1648இல் கெண்ட் பகுதியில் நிகழ்ந்த கிளர்ச்சியில் பிடிபட்டு மரணதண்டனை பெற்றார். தண்டனை நிறைவேறுமுன், சிறைக்கு வந்த அவருடைய சகோதரி, காவலர் உறங்குவதைக் கண்டு அவரைத் தப்பியோடச் செய்தாள். பின்னர் பெட்ஃபோர்டுக்கு வந்து மருத்துவம் செய்தார். குடியும் சூதும் அவரைப் பற்றியிருந்தன. அவ்வூர்ப் பக்தியுள்ளோரை அவர் பகைத்தார். ஒருநாள் சூதாட்டத்தில் பெரும்பொருள் இழந்து மனமுடைந்திருந்தபோது கையிற் கிடைத்த ஒரு பக்தி நூல் அவர் உள்ளத்தைக் குத்தியது. மனந்திரும்பி வந்தவரை அவ்வூர் விசுவாசிகள் உடனே நம்பிவிடவில்லை. நெடுநாள் ஐயத்தோடே நோக்கினர். சவுலை எருசலேம் சீடர் நோக்கியதும் அவ்வாறே அன்றோ!

முடிவில் பன்னிருவர் ஒன்றுகூடிச் சபையாகத் தங்களை அமைத்துக்கொண்டு, கிஃபர்டையே போதகராகத் தெரிந்தெடுத்தனர். அப்பன்னிருவரில் எண்மர் பெண்கள். கிறிஸ்துவின் மீதுள்ள விசுவாசமும் வாழ்க்கையின் பரிசுத்தமுமே சபையில் சேர்வதற்கு வேண்டிய தகுதி. புறச் சடங்குகளைப் பற்றிய கருத்து வேற்றுமை தடையாகாது. அவர்கள் இட்ட அஸ்திபாரம் இவ்வளவே. சேர விரும்புவோர் தம்மில் தேவன் செய்த கிருபையின் கிரியையைச் சபையார் முன் சாட்சியாக எடுத்துரைக்க வேண்டும். வழுவியோரைச் சந்தித்துக் கண்டிக்கச் சபையே ஆட்களை அனுப்பும். இவை யாவும் சபைப் பதிவேட்டில் எழுதப்பட்டன. அப்பதிவேடு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருவதாலேயே அச்சபையின் வரலாற்றை இத்துணைத் தெளிவாக நாம் அறிகிறோம். நம் சேகரங்களின் பதிவேடுகள் கறையானுக்கு இரையாவதைக் காணும்போது உண்டாகும் வருத்தத்தையும் இங்கே சொல்லாதிருக்க இயலவில்லை.

சபை வளர்ந்த விதத்தைப் பனியனே 1666இல் வெளியான தம் ஆன்மிக வரலாற்றில் கூறியுள்ளார். பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியாக அவர் பெட்ஃபோர்டு வீதியிற் சென்றபோது, ஏழைப் பெண்கள் மூவரோ நால்வரோ வாசலில் வெயிலில் அமர்ந்து தேவ காரியங்களைப் பேசிக்கொண்டிருந்தனர். மறுபிறப்பைப் பற்றியும் தங்கள் இருதயத்தின் பொல்லாங்கைப் பற்றியும் அவர்கள் மகிழ்ச்சியோடு பேசியது அவருக்குப் புதிதாயிருந்தது. சமயப் பேச்சில் தாம் வல்லவர் என்று எண்ணியிருந்தவர் அங்கே வாயடைத்து நின்றார். பின்னர் அப்பெண்கள் வழியாகவே கிஃபர்டிடம் அழைத்துச் செல்லப்பட்டார். பிரசங்கபீடத்துக்கு முன்னரே திண்ணை தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.

1653இல் நகரின் புனித யோவான் ஆலயப் பொறுப்பு கிஃபர்டுக்குக் கிடைத்தது. கிராம்வெல் ஆட்சிக் காலத்தில் இது இயன்றது. இரண்டாண்டுகளில், 1655 செப்டம்பரில் அவர் மரித்தார். மரணப்படுக்கையிலிருந்து அவர் சபைக்கு எழுதிய கடிதமே அவர் விட்டுச்சென்ற சொத்து. ஞானஸ்நானம், கைவைத்தல், எண்ணெய் பூசுதல், சங்கீதம் பாடுதல் போன்ற புறக் காரியங்களுக்காக ஒருவரும் சபையை விட்டுப் பிரியலாகாது என்று அதில் அவர் மன்றாடினார். இன்னொன்றும் கூறினார்: சபை கூடியிருக்கையில் செல்வர் உள்ளே வந்தால் எழுந்து இடங்கொடுப்பதும், ஜெபவேளையிலும் திருவசன வேளையிலும் அவரைக் கவனித்து நிற்பதும் தகாத செயல் என்றார். முன்வரிசை நாற்காலிகளில் பெயரெழுதி வைக்கும் சபைகளை நாம் அறிவோம். அவ்விடங்களில் இக்கடிதத்தைப் படிக்கத் துணிவார் யார்?

1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அரியணை ஏறியதும் ஆலயம் பறிபோயிற்று. கிஃபர்டுக்குப் பின்வந்த ஜான் பர்ட்டனும் அவ்வாண்டே மரித்தார். நவம்பர் 12ஆம் நாள் பனியன் கைதானார்; இடையிற் சிறிது விடுதலையோடு பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். சபை வீடுகளில் மறைவாகக் கூடிற்று. வீட்டாரைத் தவிர ஐவருக்கு மேல் ஆராதனைக்குக் கூடுவதை 1664ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. பதிவேட்டில் 1664 முதல் 1668 வரை எழுத்தே இல்லை. 1670இல் வந்த புதிய சட்டத்தின்படி, கேட்க வந்தவருக்கு முதன்முறை 5 ஷில்லிங், வீடு கொடுத்தவருக்கு 20 பவுன் அபராதம். தொப்பி செய்வோரும் மளிகை வணிகரும் தட்டுமுட்டுப் பாத்திரங்களை அதிகாரிகள் எடுத்துச் செல்வதைப் பார்த்து நின்றனர். ஆயினும் சபை கலையவில்லை. போதகர் ஒருவரையே சார்ந்த சபையாக அது இருந்திருப்பின் கலைந்திருக்கும்.

1672 ஜனவரியில், இன்னும் சிறைக்கைதியாகவே இருந்த பனியனைச் சபையார் போதகராகத் தெரிந்தெடுத்தனர். மார்ச்சில் மன்னரின் சலுகைப் பிரகடனம் வந்தது. மே மாதம் உரிமம் கிடைத்தது. ஆகஸ்டில் மில் சந்தில் ஒரு பழத்தோட்டமும் அதிலிருந்த தானியக் களஞ்சியமும் 50 பவுனுக்கு வாங்கப்பட்டன. அக்களஞ்சியமே 1707 வரை ஆலயமாயிருந்தது.

விடுதலைக்குப் பின் பனியனை வருத்தியவர்கள் அரசினர் மட்டுமல்லர். முழுக்கு ஞானஸ்நானம் பெறாதவரையும் திருவிருந்தில் சேர்க்கும் பெட்ஃபோர்டு வழக்கத்தை லண்டன் பாப்திஸ்துத் தலைவர்கள் கடிந்தனர். ஞானஸ்நானம் பற்றிய கருத்து வேற்றுமை ஐக்கியத்துக்குத் தடையன்று என 1673இல் பனியன் ஒரு நூலால் விடையளித்தார். ஆதித் திருச்சபையின் ஒழுங்கில் ஞானஸ்நானம் திருவிருந்துக்கு முற்பட்டது. அதனைப் புறக்காரியம் என்று ஒதுக்குவது அத்திருவருட்சாதனத்தின் மதிப்பைக் குறைப்பதாகும் என்ற மறுப்புக்கு வலிமை உண்டு. இறையியல் வாதமாக மட்டும் பார்ப்பின், நம் கணிப்பில் எதிர்த்தரப்பே நேர்த்தியானது. ஆனால் சபை வாதங்களால் மட்டும் அமைந்ததன்று.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஆயராயிருந்த ஒரு கிராமச் சபையில், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற இளைஞன் ஒருவன் வேற்றூர் ஆற்றில் முழுக்குப் பெற்றுத் திரும்பினான். ஒழுங்குமுறைப்படி அவனைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தோம். அவனுடைய தாயார் அதன்பின் ஓராண்டு பந்திக்கு வரவில்லை. "பிள்ளைக்கு இல்லாதது எனக்கு எதற்கு ஐயா?" என்றார். நாம் செய்தது ஒழுங்கின்படி சரியே. எனினும் கிஃபர்டின் கடிதத்தைப் படிக்குந்தோறும் அத்தாயின் முகமே முன்னிற்கிறது.

பெட்ஃபோர்டிலும் அக்கடிதம் எல்லாக் காலத்திலும் வெற்றி பெற்றதாகக் கூறுவதற்கில்லை. பனியன் 1688இல், ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே சமாதானம் செய்துவைத்து மழையில் நனைந்தபடி லண்டனுக்கு வந்து, நோயுற்று மரித்தார். அவருக்குப் பின் குழந்தை ஞானஸ்நானம் கொடுப்போரும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்போரும் ஒரே சபையில் நெடுங்காலம் வாழ்ந்தனர். ஆனால் 1772இல் அப்போதைய போதகர் ஜோஷுவா சைமண்ட்ஸ் தாம் பாப்திஸ்துக் கொள்கையை ஏற்றதாக அறிவித்தார். சர்ச்சையைப் பிரசங்கபீடத்தில் எழுப்பலாகாது என்னும் நிபந்தனையோடு சபையார் அவரை வைத்துக்கொண்டனர். மனம் ஒப்பாத ஒரு பகுதியினர் பிரிந்து புதிய சபை அமைத்தனர். பிரிந்தோரில் ஒருவர் ஜான் ஹோவர்டு. அடுத்த ஆண்டே மாவட்ட ஷெரீப் பதவி ஏற்று, பெட்ஃபோர்டுச் சிறையின் அவலத்தைக் கண்டு, சிறைச் சீர்திருத்தத்துக்குத் தம் வாழ்வை ஈந்தவர் அவரே. பனியனுக்காகக் கண்ணீர் விட்ட சபையில் வழிபட்டவர் சிறையாளருக்காக உழைத்தார். ஆயினும் அச்சபையோடு ஒரே பந்தியில் அமர அவரால் இயலவில்லை.

பழைய சபை பழத்தோட்டம் இருந்த இடத்திலேயே 1850இல் எழுந்த ஆலயத்தில் இன்றும் கூடுகிறது. பிரிந்தோர் கட்டிய ஆலயமும் அதே மில் வீதியில்தான் எழுந்தது. ஓய்வுநாள்தோறும் இரு சபையாரும் ஒரே வீதியில் நடந்து வெவ்வேறு வாசல்களில் நுழைந்தனர்.