விழுந்தது திடலில், எழுதியது வீட்டில்

முழங்காலில் கட்டோடு ஒருவர் காப்பிக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். புல் வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை. மழை விட்ட காலையில் குதிரைப் பந்தயத் திடலில் சறுக்கி விழுந்து முட்டிச் சவ்வு கிழிந்துவிட்டது. இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு, எம்.சி. கிளினிக் அட்டையை வாங்கிப் பார்த்தேன். டாக்டர் எழுதியிருந்தது மூன்றே சொல்: வீட்டில் வழுக்கி விழுந்தார்.

"ஏண்ணே இப்படிச் சொன்னீங்க?"

"வேலை வாங்குற மண்டோர்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு தம்பி. பெர்கெசோன்னு போனா இழுத்தடிப்பாங்களாம்."

மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் இழுத்தடிப்பார்கள்தான். ஆனால் அந்த மூன்று சொல்லைத் திருத்த அலைவதைவிட அது குறைந்த அலைச்சல். இதே கதையைத் தோட்டக்காரர், கோல்ஃப் திடல் ஆள், குதிரை லாயத்து ஆள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டுச் சலித்துவிட்டது.

பந்தயத் திடலில் தரையைப் பற்றிக் கவலைப்படாதவர் கிடையாது. பணம் கட்டுகிறவர்கூட முதலில் கேட்பது 'கோயிங் எப்படி?', அதாவது தரைநிலை எப்படி என்றுதான். கம்பி ஒன்றை நிறுத்தி, அதன் மேல் எடையை விழவிட்டு, மண்ணுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று திடலின் பல இடங்களில் அளக்கிறார்கள். அதை வைத்து 'குட்', 'யீல்டிங்', 'சாஃப்ட்' என்று அறிவிக்கிறார்கள். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஒரே கால் தரையைத் தொடும் நொடியில் மொத்தப் பாரத்தையும் அதில் இறக்குகிறது. தரை இறுகியிருந்தால் எலும்பும் மூட்டும் அடி வாங்கும். சேறாக இருந்தால் தசைநார் இழுபடும். இரண்டையும்விட மோசம், ஒரு திட்டு ஈரமும் அடுத்த திட்டு காய்ந்தும் கிடப்பது. தண்ணீர் பாய்ச்சும் குழாய் ஒன்று சரியாகச் சுழலாவிட்டால் போதும், அப்படி ஆகிவிடும்.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் ஆட்கள் வரிசையாக இறங்கி, குளம்பு பறித்த குழிகளில் மணல் கலவை போட்டு மிதித்து மூடுவார்கள். உள்பக்கப் புல் தேய்ந்தால் வேலிக் கம்பியை வெளியே நகர்த்தி அதற்கு ஓய்வு கொடுப்பார்கள். புல்லுக்குக் கிடைக்கும் அந்த ஓய்வு, குழி மூடும் ஆளுக்குக் கிடைப்பதில்லை. குதிரைக்காக அளந்து சொல்லும் தரைநிலையை அவர் தன் விபத்துக்குச் சான்றாக வைக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்வதுமில்லை.

சறுக்குவது மட்டும் ஆபத்தில்லை. ஈர மண்ணிலிருந்து மெலியோய்டோசிஸ் வரலாம். கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியே கிருமி உடம்புக்குள் போகும். சர்க்கரை நோய் உள்ளவரை அது பொல்லாத வேகத்தில் தாக்கும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்? எலி சிறுநீர் கலந்த நீரால் எலிக் காய்ச்சல் வரலாம். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் வேலை செய்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். டாக்டரிடம் முதல் வாக்கியமே 'நான் ஈர மண்ணில் வேலை செய்கிறேன்' என்பதாக இருக்கட்டும்.

இனி காகிதம். வேலையிடத்தில் அடிபட்டால் கிளினிக் முகப்பிலேயே 'வேலை விபத்து' என்று சொல்லுங்கள். இடம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை மூன்றும் அட்டையில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விழுந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். மழை மறுபடி பெய்தால் சறுக்கிய தடம்கூட இருக்காது. அன்று அறிவித்த தரைநிலை, பக்கத்தில் இருந்தவர் பெயர், அவருடைய ஊர், எண் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கெசோவுக்கு அறிவிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளிக்குத் தந்த பாதுகாப்பு இது. முதலாளி மனமிரங்கிச் செய்யும் உதவியாக நினைத்துத் தயங்காதீர்கள். அவர் செய்யாவிட்டால் ஐ.சி.யும் கிளினிக் அட்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே பெர்கெசோ அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 1-300-22-8000 எண்ணில் கேளுங்கள். விபத்து நாளையும் சேர்த்து குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால், கணக்கிட்ட அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2019 முதல் இந்த வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு.

முதலாளி யார் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். திடல் ஆட்களுக்குக் கிளப் சம்பளம் தரலாம். குதிரை பார்க்கும் சைஸ் பெரும்பாலும் பயிற்சியாளரின் ஆள். புல் வெட்டுகிறவர் காண்ட்ராக்டரின் ஆள். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைப் பாருங்கள். சம்பளத்தில் பெர்கெசோ சந்தா பிடித்தும் கட்டவில்லை என்ற சந்தேகம் வந்தால் அடிபடும் முன்பே பெர்கெசோவில் கேட்டுவிடுங்கள்.

மின்னல் வெட்டும்போது திடலில் நிற்கச் சொன்னால்? 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், முதலாளி அதைச் சரிசெய்யாதபோது விலகிப்போகும் உரிமையைத் தருகிறது. மண்டோருக்கு இது தெரியாவிட்டாலும் சட்டம் சட்டம்தான்.

திடல்களும் மூடுகின்றன. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பைக் கலைக்க உறுப்பினர்கள் 2024-இல் வாக்களித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 5-இல் சிங்கப்பூர் கிராஞ்சித் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. திடல் மூடினாலும் பழைய காயத்தின் உரிமை மூடிவிடாது; ஆனால் அலுவலக அலமாரி காலியாகும். விபத்துப் பதிவேட்டின் நகலையும் சம்பளச் சீட்டுகளையும் ஆள் இருக்கும்போதே வாங்குங்கள். வேலை போனவர்கள் 60 நாளுக்குள் பெர்கெசோவின் வேலைக் காப்புறுதிக்கு மனுச் செய்ய வேண்டும். நாள் தவறினால் கவுண்டரில் அழுதும் பயனில்லை.

கட்டுப் போட்ட அண்ணனோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நல்லவர், திருத்தத் தயார்தான். "விழுந்ததைப் பார்த்த ஆள் எழுதித் தரட்டும்" என்றார். தூக்கிவிட்டவர் ஒரு வங்காளதேசத் தம்பி. பெர்மிட் முடிந்து போன மாதமே ஊருக்குப் போய்விட்டான். அவனுடைய எண் மண்டோரிடம் மட்டும்தான் இருக்கிறது.