ஜாக் தி ரிப்பர்: ஆவணங்களும் கட்டுக்கதைகளும்

ஜாக் தி ரிப்பர் என்பது, 1888ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனின் வொயிட்சேப்பல் பகுதியில் பெண்களைக் கொன்று, கடைசிவரை பிடிபடாத கொலையாளிக்கு வழங்கும் பெயர். 'ரிப்பர்' என்றால் கிழிப்பவன். விக்டோரியா அரசி காலத்து இந்த வழக்கில் ஓவியர், மருத்துவர், அரச குடும்பத்தவர் என நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது சந்தேகம் சுமத்தப்பட்டுள்ளது. ஆனால் இன்று எஞ்சியுள்ள மூல ஆவணங்கள் குறைவு. ஒவ்வொரு செய்தியும் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று தேடிப் போனால், பிரபலமான பல கதைகளுக்கு ஆதாரமே இல்லை என்பது தெரியவரும்.

பெயரின் மூலம்

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1888 செப்டம்பர் 25 என்று தேதியிட்டு, சிவப்பு மையில் எழுதிய ஒரு கடிதம் சென்ட்ரல் நியூஸ் என்னும் செய்தி நிறுவனத்துக்கு வந்தது. அதில்தான் இந்தப் பெயர் முதன்முதலில் கையொப்பமாக இருந்தது. காவல்துறை அதைச் சுவரொட்டியாக அச்சிட்டு ஒட்டியதும் பெயர் எங்கும் பரவியது. உயர் அதிகாரியாக இருந்த ஜான் லிட்டில்சைல்டு, 1913இல் எழுதிய ஒரு கடிதத்தில், அது அந்த நிறுவனத்தின் செய்தியாளரின் வேலை என்றே காவல்துறையில் கருதினார்கள் என்கிறார். ஆய்வாளர் பலரும் இதை ஏற்கின்றனர். அப்படியானால் பெயர் சூட்டியது பத்திரிகை உலகமே.

ஐவர் என்ற கணக்கு

மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்டிரைடு, கேதரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி ஆகிய ஐவரையே ரிப்பரின் பலிகள் என்பது வழக்கம். காவல்துறையின் கோப்பிலோ 1888 ஏப்ரல் முதல் 1891 பிப்ரவரி வரை பதினோரு கொலைகள் உள்ளன. ஐந்தையும் ஒரே கையின் வேலை என்று முதலில் இணைத்தவர் மருத்துவர் தாமஸ் பாண்டு. அவர் நேரில் பரிசோதித்தது கெல்லியின் உடலை மட்டுமே. மற்ற நால்வரைப் பற்றிக் குறிப்புகளைப் படித்து முடிவு சொன்னார். 1894இல் மெல்வில் மக்னாட்டன் எழுதிய குறிப்பு இந்தக் கணக்கை உறுதிப்படுத்தியது.

மக்னாட்டன் காவல்துறையில் சேர்ந்ததே 1889இல்தான். அவர் சுட்டிய மூவரில் ஒருவரான டிரூயிட்டை 41 வயது மருத்துவர் என்கிறார். உண்மையில் டிரூயிட் 31 வயது வழக்கறிஞர். பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். இன்னொருவரான ஆஸ்ட்ராக், கொலைகள் நடந்தபோது பிரான்சில் சிறையில் இருந்தார். பல நூல்கள் இந்தக் குறிப்பை அடித்தளமாகக் கொண்டவை என்பதை நினைத்தால் சற்றுத் திகைப்பாகவே இருக்கும்.

ஒரு பட்டியல்

எடோஸ் கொலையுண்ட மைட்டர் சதுக்கம் லண்டன் மாநகரக் காவல்துறையின் எல்லைக்குள் இருந்தது. அந்தத் துறையின் கோப்புகளில் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போர் குண்டுவீச்சில் அழிந்தது. ஆனால் எடோஸின் மரண விசாரணைப் பதிவுகள் தப்பின. சாப்மன் போன்றோரின் விசாரணைக்கு அன்றைய நாளிதழ்களையே நம்ப வேண்டியுள்ளது. எடோஸ் வழக்கில் மூலத்தையே படிக்கலாம்.

குடிபோதைக்காகக் கைதான அவர், செப்டம்பர் 30 அன்று இரவு ஒரு மணியளவில் காவல் நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். முக்கால் மணி நேரத்தில் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. உடலில் இருந்த உடைகளும் பொருள்களும் ஒன்றுவிடாமல் பட்டியலிடப்பட்டன: தேயிலையும் சர்க்கரையும் வைத்த தகர டப்பாக்கள், களிமண் புகைக்குழாய்கள், அடகுச் சீட்டுகள், ஒற்றைக் கையுறை, கந்தல் துணித் துண்டுகள். நிலையான வீடில்லாததால் தன் உடைமைகளைக் கூடவே சுமந்து திரிந்த பெண் அவர்.

அண்மைக் காலத்தில், எடோஸின் உடலருகே எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பட்டுச் சால்வையின் மரபணுச் சோதனை, போலந்து நாட்டு முடிதிருத்துநர் கோஸ்மின்ஸ்கியைக் காட்டுவதாகச் செய்திகள் வந்தன. அத்தகைய சால்வை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. சோதித்தது தாய்வழி மரபணு. அது பலருக்குப் பொதுவாக இருக்கக்கூடியது, ஒரே ஒருவரைச் சுட்டிக்காட்டாது.

கொல்லப்பட்டவர்கள்

ஐவரையும் பாலியல் தொழிலாளிகள் என்று ஒரே சொல்லில் அடக்குவதை வரலாற்றாளர் ஹாலி ரூபன்ஹோல்டு 2019இல் வெளியான தம் நூலில் மறுத்தார். அவர் வாதம் முழுவதையும் எல்லோரும் ஏற்கவில்லை. ஆயினும் கவனம் கொலையாளியிடமிருந்து பெண்களிடம் திரும்பியது. நிக்கல்ஸ் ஓர் அச்சுத் தொழிலாளியின் மனைவி. அன்றிரவு விடுதிப் படுக்கைக்கான நான்கு பென்ஸ் இல்லாமல் வெளியே அனுப்பப்பட்டவர். சாப்மன் ஒரு குதிரைவண்டி ஓட்டுநரின் மனைவி. ஸ்டிரைடு சுவீடனில் பிறந்தவர்.

கெல்லியைப் பற்றி அறிந்தவை, அவருடன் வாழ்ந்த ஜோசப் பார்னெட் விசாரணையில் சொன்னவையே: அயர்லாந்தின் லிமரிக்கில் பிறப்பு, வேல்ஸில் இளமை, சுரங்க விபத்தில் இறந்த கணவர். இவற்றோடு ஐயமறப் பொருந்தும் பிறப்புப் பதிவோ திருமணப் பதிவோ இதுவரை கிடைக்கவில்லை. மேரி ஜேன் கெல்லி என்பது அவருடைய இயற்பெயர்தானா என்பதும் இன்னும் முடிவாகாத கேள்வி.