மருந்து பாட்டிலைத் திறக்கும் முன்: தொட்டி மீன் நோய்ப்பட்டால் என்ன செய்வது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை கலர் மீன் கடைகளில் ஒரே பேச்சுதான். "மீன் மேல ரவை ஒட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி. என்ன மருந்து ஊத்தலாம்?" கடைக்காரர் நீல மருந்து பாட்டிலை எடுத்து நீட்டுவார். அந்த மருந்து கெட்டதல்ல. ஆனால் பல வீடுகளில் அது தேவையே இல்லாத தொட்டிக்குள் போகிறது. தேவைப்படும் தொட்டியிலோ இரண்டே நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் சோதனை தண்ணீருக்கு

மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் படபடக்கிறது. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறது. இரை போட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவை கிருமித் தொற்றிலும் வரும், அமோனியா ஏறிய தண்ணீரிலும் அச்சு அசலாக இப்படியே வரும். பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. தொட்டியில் உள்ள எல்லா மீனும் ஒரே நாளில் வாடினால் சந்தேகம் முதலில் தண்ணீர் மேல். ஒன்றிரண்டு மட்டும் வாடி, சில நாளில் மற்றவற்றுக்கும் பரவினால் கிருமியோ ஒட்டுண்ணியோ இருக்க வாய்ப்பு அதிகம்.

மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். வாங்கிய அன்றே பத்து மீனை விட்டால் விளைவு தெரிந்ததுதான். பளிச்சென்று இருக்கட்டும் என்று பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிகிறவர்களும் குளோரினால் அந்தப் பாக்டீரியாவைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசினால் போதும்.

இந்தக் கடற்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஈசிஆர் ஓரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரத்தன்மை கூடியது. அமோனியாவின் நஞ்சு தண்ணீரின் பிஎச் அளவைப் பொறுத்துக் கூடும், குறையும். தண்ணீர் 28 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் 0.7 சதவீதம் அளவே. பிஎச் 8 ஆனால் அது 6.5 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

"தண்ணி மாத்தின மறுநாளே செத்துப்போச்சு" என்று சொல்வதன் பின்னணி பல நேரம் இதுதான். கேன் தண்ணீரில் தொடங்கிய தொட்டியில் நாளடைவில் பிஎச் இறங்கியிருக்கும். அமோனியாவும் அதிகத் தீங்கில்லாத வடிவில் சேர்ந்திருக்கும். ஒரு நாள் போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுகிறோம். பிஎச் தாவுகிறது, கிடந்த அமோனியா நஞ்சாகிறது. அதனால் முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். மீன் வாடினால் கால் பங்கு மாற்றி, மறுநாள் இன்னொரு கால் பங்கு. ஓரிரு நாள் இரையை நிறுத்துங்கள், மீன் பட்டினியால் சாகாது. குழாய்த் தண்ணீரானால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட்டைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். அமோனியா, பிஎச் பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முதல் 'மருந்து' அதுவாக இருக்கட்டும்.

மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி கோய் கெண்டை விடுகிறவர்கள் கவனிக்க: புது சிமென்ட் சுண்ணாம்பைக் கசியவிட்டு பிஎச்சை ஏற்றும். பண்ணைக்காரர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றிய பிறகே மீன் விடுவது இதனால்தான்.

கரண்ட் போன இரவு

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையிலும் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஏரேட்டர் நின்றால் மீன் மூச்சுக்குத் திணறும். பஞ்சில் இருக்கும் பாக்டீரியாவும் அழியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் நின்று கிடந்த ஃபில்டரை அப்படியே போட்டால் அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் பாயும். முதலில் பஞ்சை அலசுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று மழைக்காலத்தில் வீட்டில் இருப்பது நல்லது. அதுவும் இல்லாவிட்டால் ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம்.

வெண்புள்ளி: புள்ளி மறைந்தால் நோய் போய்விடாது

வெண்புள்ளி நோயைத் தருவது இக்தியோப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நாம் பார்க்கும் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் புதைந்து தின்று வளரும் பருவம். அப்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் தோலைக் கிழித்து வெளியே விழும். தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை நீந்தி அடுத்த மீனைத் தேடும். மருந்துக்குச் சிக்குவது இந்த நீந்தும் பருவம் மட்டுமே. இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை பெரும்பாலும் தாமாகவே செத்துவிடும்.

மூன்றாம் நாள் மீன் மேல் புள்ளி இல்லையே என்று மகிழ்ந்து மருந்தை நிறுத்துகிறோம். உண்மையில் அப்போதுதான் அடுத்த படை தொட்டியின் அடியில் தயாராகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு சுற்று நாலைந்து நாளில் முடியும். ஆகவே சிகிச்சை பத்து முதல் பதினாலு நாள் நடக்க வேண்டும். தொட்டி ஹீட்டரால் தண்ணீரை நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுற்று விரைவாக ஓடி, ஒட்டுண்ணி மருந்தில் சீக்கிரம் மாட்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏரேட்டர் நிற்காமல் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் இங்கே தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். இந்த நோய் தலைதூக்குவது தண்ணீர் குளிரும் கார்த்திகை, மார்கழியில்தான்.

கூடவே கல்லுப்பு. கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அளவை மட்டும் சொல்ல வேண்டும். லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், ஒரே தடவையில் கொட்டாமல் ஒரு நாள் முழுக்கப் பகுதி பகுதியாகக் கரைத்து. கெளுத்தி வகை மீன்களுக்கும், டேங்க் கிளீனர் என்று விற்கும் மீனுக்கும் 1 கிராமோடு நிறுத்துங்கள். நீர்ச்செடிகள் உப்பில் கருகும். தொட்டியின் கொள்ளளவைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். கல், மணலுக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம்.

நீல மருந்தான மெத்திலீன் புளூ ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். அதை மீனைத் தனியே எடுத்து வைத்த டப்பில்தான் ஊற்ற வேண்டும். மாலகைட் கிரீன் உணவு மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்ட சாயம். பயன்படுத்தினால் கையுறை கட்டாயம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

காயம், கிழிசல், நங்கூரப் புழு

ஃபைட்டர் சண்டையில் கிழிந்த துடுப்புக்கும், வெளியே துள்ளி விழுந்து செதில் உரிந்த மீனுக்கும் சுத்தமான தண்ணீரே முக்கால் பங்கு வைத்தியம். ஒரு பிளாஸ்டிக் டப், ஏர் பம்ப், மறைய ஓர் இலைக்கொத்து, லேசான உப்பு, தினம் கால் பங்கு தண்ணீர் மாற்றம். கிழிசலின் ஓரம் வெள்ளையாகக் கரைந்துகொண்டே போனால் அது துடுப்பு அழுகல், வெறும் காயம் அல்ல.

கோய், தங்க மீன் உடம்பில் நூல் துண்டு போல ஒன்று தொங்கினால் அது நங்கூரப் புழு. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, புழு தோலுக்குள் நுழையும் இடத்தையொட்டிச் சாமணத்தால் பற்றி மெதுவாக இழுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் தலை உள்ளே தங்கிப் புண்ணாகும். எடுத்த இடத்தில் பஞ்சால் போவிடோன் அயோடின் ஒரு தொடல், செவுள் பக்கம் போகாமல். இத்தனையும் அரை நிமிடத்துக்குள்.

ஏரியில் பிள்ளைகள் பிடித்து வந்த மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். மழைக்குப் பின் விரால், கெண்டையில் வரும் சிவப்புப் புண் நோய் 1988-ல் இந்தியாவுக்குள் வந்தது. குளிர்ந்த தண்ணீரில் வேகமாகப் பரவும். மூன்று வாரம் தனி டப்பில் வைத்துப் பார்ப்பது கடையில் வாங்கும் மீனுக்கும் பொருந்தும். நோயுற்ற மீனைக் கொளவாய் ஏரியிலோ பாலாற்றிலோ விட்டுவிடுவதைச் சிலர் புண்ணியமாக நினைக்கிறார்கள். அது ஏரி மீனுக்குச் செய்யும் தீங்கு.

கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டும் வழக்கம்

டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் தூவச் சொல்லும் யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடின நீரில் கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். நம் போர் தண்ணீரில் பெரும்பகுதி வீண். மிஞ்சுவது ஃபில்டரைக் கெடுக்கும். மருந்துக்குப் பணியாத பாக்டீரியாவை வளர்க்கும். வயிறு வீங்கிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும் மீனுக்கு உள்ளுறுப்புகள் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டாலும் எது, எவ்வளவு என்று கால்நடை மருத்துவரோ மீன் நோய் வல்லுநரோதான் சொல்ல வேண்டும்.

மொத்தமாகச் சாகிற பண்ணைத் தொட்டிக்கு ஆய்வகம் தேவை. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு வாணியஞ்சாவடியில் வளாகம் உண்டு. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. எங்கே கொண்டுபோனாலும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, உயிரோடு இருக்கும் நோயுற்ற மீனை ஆக்சிஜன் அடைத்த பையிலும், தொட்டித் தண்ணீரைத் தனி பாட்டிலிலும் எடுத்துப் போங்கள். செத்து மணிக்கணக்கான மீன் இந்த வெக்கையில் அழுகி, சோதனைக்குப் பயன்படாது. மீன் விவசாயிகள் நோயைத் தெரிவிக்க மத்திய அரசு 2023 ஜூனில் 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியையும் வெளியிட்டிருக்கிறது.

தொட்டியில் கை விடுகிறவர்களுக்கு

மீனின் நோய்கள் பெரும்பாலும் மனிதருக்குத் தொற்றாது. முக்கியமான விலக்கு மைக்கோபாக்டீரியம் மரினம், காசநோய்க் கிருமியின் உறவு. கையில் சிராய்ப்போ வெட்டோ இருக்கும்போது தொட்டியைக் கழுவினால் உள்ளே போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ வலியில்லாத சிவந்த முடிச்சு வரும். சில சமயம் கை நெடுக வரிசையாக ஏறும். இந்தக் கிருமி 30 டிகிரி அளவில்தான் நன்றாக வளரும். வழக்கமான 37 டிகிரியில் வளர்த்துப் பார்த்தால் சிக்காமல் போகலாம். அதனால் தோல் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் மீன் தொட்டி இருப்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சிகிச்சை உண்டு, ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை. சர்க்கரை நோயாளிகளும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் நீளக் கையுறை இல்லாமல் தொட்டியைத் தொட வேண்டாம். தண்ணீர் இறக்கும்போது குழாயை வாயால் உறிஞ்சுவதை எல்லோரும் நிறுத்திவிடலாம். கையால் அமுக்கி இழுக்கும் பம்ப் குழாய் மீன் கடையிலேயே கிடைக்கிறது.