யாக் பால் தராது, தெரியுமா?

நேபாள மலைப்பாதையில் எந்த லாட்ஜில் போய் உட்கார்ந்தாலும் மெனு அட்டையில் 'யாக் சீஸ்' இருக்கும். போய்வந்தவர்கள் அதன் ருசியைப் பற்றிச் சிலாகித்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் யாக் என்பது ஆண் மாடு! அதனிடம் போய் யார் பால் கறப்பது? பெண் மாட்டுக்கு அங்கே 'நாக்' என்று பெயர். பால் அவளுடையது, வெண்ணெய் அவளுடையது, சீஸும் அவளுடையது. பெயரை மட்டும் அவர் தட்டிக்கொண்டு போய்விட்டார். (நம் சமையலறைகளில் கேள்விப்படாத கதையா என்ன!)

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. நேபாள மலைகளைப் பற்றி எதைப் படித்தாலும் 'இதில் அவள் எங்கே?' என்று தேடுவேன். தேடத் தேட வந்து கொட்டுகிறது!

பணம் கட்டி, வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்கி சகிதம் மலையில் நடந்துவிட்டு வரும் 'ட்ரெக்கிங்' தொழிலை நேபாளத்தில் ஆரம்பித்தவர் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. ஓய்வு பெற்றபின் 1964-ல் கம்பெனி தொடங்கினார். 1965-ல் முதல் கோஷ்டி வந்து இறங்கியது. எத்தனை பேர் தெரியுமா? மூன்றே பேர். மூவருமே அமெரிக்கப் பெண்கள்! இன்று லட்சக்கணக்கில் ஆட்கள் நடக்கும் ஒரு தொழிலுக்குப் போணி செய்தது மூன்று பெண்களின் கால்கள்.

எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண் ஜப்பானின் ஜுன்கோ தாபேய். 1975 மே 16. அது பள்ளிக்கூடப் பொது அறிவு. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, மே 4 அன்று, பனிச்சரிவு முகாமையே மூடியதில் அவர் நினைவிழந்து கிடந்தார் என்பது தெரியுமா? ஷெர்பாக்கள் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். சில நாள் சரியாக நடக்கக்கூட முடியவில்லை. அப்படியே மறுபடி ஏறினார்! பெண்கள் குழுவுக்குப் பணம் தர ஜப்பானில் பலர் தயங்கினார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாமே என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. தாபேய் பியானோ வகுப்பு எடுத்துக் காசு சேர்த்தார். கார் உறையை வெட்டிக் கையுறை தைத்தார். பழைய திரைச்சீலை கால்சட்டை ஆனது. குழுவில் ஆசிரியைகளாக இருந்தவர்களுடைய மாணவர்கள், மதியச் சாப்பாட்டில் மிச்சம் வைத்த ஜாம் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். உலகத்தின் உச்சிக்குப் போனது மிச்ச ஜாம்!

ஷெர்பாக்களின் பெயர்களில் ஒரு ரகசியம் இருக்கிறது. பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். பாசாங் என்றால் வெள்ளிக்கிழமை. லக்பா என்றால் புதன். நிமா ஞாயிறு, தாவா திங்கள். ஆகவே 1993 ஏப்ரல் 22-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண் பாசாங் லாமுவை நம் ஊர்ப் பாணியில் 'வெள்ளியம்மா' என்றே கூப்பிடலாம். மூன்று பிள்ளைகளின் தாய். மூன்று முறை முயன்று தோற்று நான்காம் முறை ஏறியவர். இறங்கும்போது மலையிலேயே உயிர் போய்விட்டது. இன்று எவரெஸ்ட் நிற்கும் ஊராட்சிக்கே அவர் பெயர்தான்: கும்பு பாசாங் லாமு. மலைக்குப் பேர் வைப்பவர்கள் உண்டு, அந்த மலை இருக்கிற ஊரே ஒரு பெண் பேரில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? புதன்கிழமைக்காரி லக்பா ஷெர்பாவோ 2022-க்குள் பத்து முறை ஏறி முடித்துவிட்டார். அப்போது அது பெண்களில் உலக சாதனை. அமெரிக்காவில் கடையில் பாத்திரம் கழுவிப் பிழைத்துக்கொண்டே, இடையிடையே எவரெஸ்ட்! 2023-ல் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியும் ஏறிவிட்டதால் தமிழ்நாட்டுப் பெண்கள் கணக்கிலும் ஒரு டிக் விழுந்தாயிற்று.

சரி, உச்சி அவர்களுக்கு. நமக்கு ஒரு கணவாய் போதும். நீங்கள் ஒற்றை ஆளாகப் புறப்படுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கட்டாயம். 15 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு ஆதார் செல்லாது! எல்லாவற்றுக்கும் ஆதாரை நீட்டிப் பழகிய கை விமான நிலையத்தில் திகைத்து நிற்கும். இறங்கியதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளுங்கள். அரை மணிக் கணக்குகூட இல்லை, கால் மணி! கௌரிசங்கர் என்ற மலையை வைத்து நேரம் பார்க்கிற நாடு அது. நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160 ரூபாய். 1993 முதல் இந்த விகிதம் அசையவே இல்லை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவருக்கு 1,000. பக்கத்து வீட்டுச் சலுகை.

ஒரு பெரிய 'ஆனால்' உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டவர் மலைப்பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்று நேபாளம் அறிவித்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதி என்றாலும் விளையாட்டில்லை. தனியாகப் போனவர்கள் வழிதவறிக் காணாமல் போவதுதான் காரணம். ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே சட்டம். இதை ஏற்காமல் தன் வழியில் போன ஊராட்சி எது தெரியுமா? நம் வெள்ளியம்மா பேரில் இருக்கிற அதே கும்பு!

அப்படியானால் 'தனியாக' என்பதற்கு அர்த்தமே போயிற்றா என்று முகம் சுருங்க வேண்டாம். எந்த ஊர், எந்த வேகம், எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்கிறாளே, என் கணக்கில் அவள் தனியாகத்தான் போகிறாள். கூட வருகிற வழிகாட்டியும் ஒரு பெண்ணாக இருந்தால்? இருக்கிறார்கள்! பொக்கராவில் விடுதி நடத்திய லக்கி, டிக்கி, நிக்கி என்ற சேத்ரி சகோதரிகள் மூவர் (பெயர்கள் நிஜம், சத்தியமாக!) 1994-ல் தொடங்கிய வேலை அது. மலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் சிலர், ஆண் வழிகாட்டிகளால் பட்ட தொல்லைகளை இவர்களிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள். கேட்டுவிட்டு உச்சுக்கொட்டாமல், பெண்களையே வழிகாட்டிகளாகப் பழக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிராமத்துப் பெண்களுக்கு இலவசப் பயிற்சி: முதலுதவி, ஆங்கிலம், மலைநோயின் அறிகுறி. வயலும் அடுப்புமாக இருந்த பெண்கள் இன்று பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறார்கள்.

பாதையில் காதில் விழும் முதல் சொல் 'தீதி'. அக்கா என்று அர்த்தம். லாட்ஜ் நடத்தும் பெண்ணைத் தீதி என்றுதான் கூப்பிட வேண்டும். உங்களைவிட இளையவள் என்றால் 'பஹினி', தங்கை. காளி கண்டகி ஆற்றோரம் திபெத்து உப்பு வியாபாரம் நடந்த காலத்திலிருந்தே வழிப்போக்கருக்குச் சோறு போட்டுப் பேர் வாங்கியவர்கள் தகாலி இனத்துப் பெண்கள். அவர்கள் போடும் 'தால் பாத்' நம் பருப்புச் சாதத்தின் ஒன்றுவிட்ட அக்கா. காசு ஒருமுறைதான், பருப்பும் சோறும் கறியும் போதும் என்கிற வரை வந்துகொண்டே இருக்கும்.

இனி உயரம். வழிகாட்டி 'கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம், மற்றபடி சமதளம்' என்றால் நம்பாதீர்கள். அதற்கு 'நேபாளிச் சமதளம்' என்று தனிப்பெயரே உண்டு! மூட்டை சுமந்த மாட்டு மந்தை எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள்; பள்ளத்துப் பக்கம் நின்றால் ஒரு மூட்டை இடித்தாலும் கதை முடிந்தது. மந்திரம் செதுக்கிய கல்சுவர்கள் வரும். அவற்றை வலப்பக்கம் வைத்துச் சுற்றிப் போக வேண்டும். பிரதட்சிணம் தெரிந்த கால்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நாம் தாண்டப்போகிற தொராங் லா கணவாய் 5,416 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சுக்கும் பாதி பிராணவாயு. தண்ணீர் 82, 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. மலைநோய்க்கு ஜிம் உடம்பு, சாதா உடம்பு என்ற பேதமே கிடையாது. ஓடி ஏறிய வாலிபன் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க, அறுபது வயதுப் பாட்டி பக்கத்தில் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருப்பாள். 3,000 மீட்டருக்கு மேல், நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இன்று படுக்காதே என்பது பாலபாடம். நேபாளியில் ஒரே மந்திரம்: 'பிஸ்தாரை, பிஸ்தாரை.' மெல்ல, மெல்ல. இருக்கிற இடத்திலேயே தலைவலி கூடிக்கொண்டு போனால் கௌரவம் பார்க்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

நம் வங்கக்கடல் புயல் அந்தக் கணவாயில் ஆட்களைக் கொன்றிருக்கிறது, தெரியுமா? 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் நினைவிருக்கும். அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் அன்னபூர்ணா மலைகளில் கொட்டுபனியாக இறங்கியது. மலையேற்றத்துக்கே சிறந்தது என்று பேர் பெற்ற மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடற்கரை ஊரில் புயல் கொடி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மலை ஏற வேண்டியிருக்கிறது!

விடியுமுன் இருட்டில் புறப்பட்டு, காற்று வலுக்கும் முன் கணவாயைத் தாண்டி, உயரக் கணக்கில் மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இறங்கினால், முழங்கால் கெஞ்சும் நேரத்தில் ஒரு கோயில் வரும். முக்திநாத். நம் திருச்சாளக்கிராமம்! திருமங்கையாழ்வார் பாடிய, 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அதே தலம். (நடக்க முடியாதவர்களுக்குப் பொக்கராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானம், பிறகு ஜீப். வெட்கமெல்லாம் வேண்டாம்.) கீழே காளி கண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லில் பெருமாளின் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரின் புதைபடிவம். இமயம் எழும்புமுன் அங்கே கடல் இருந்ததற்கு ஆற்றங்கரையில் கிடக்கும் சாட்சி.

கோயிலைப் பார்த்துக்கொள்வது யார் தெரியுமா? பௌத்த பிக்குணிகள்! இந்துவுக்கு விஷ்ணு, பௌத்தருக்கு அவலோகிதேஸ்வரர், மூர்த்தி ஒன்றுதான். பக்கத்தில் ஜ்வாலா மாயி சன்னதியில் நிலத்திலிருந்து கசியும் வாயுவால், ஓடும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே சின்னதாய் ஒரு நீலச்சுடர் எரிகிறது. அதையும் காத்து வருவது அந்தப் பெண் துறவிகள்தான். பின்புறம் அரைவட்டமாக 108 தாரைகள், ஒவ்வொன்றும் காளைத் தலை வடிவில். காளையிடம் பால் வராது, ஆனால் பனி உருகிய தண்ணீர் வரும்! 108-க்கும் தலையைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் பல் தந்தியடிக்கும்.

கோயிலுக்குக் கீழே இருக்கும் ஊர் ராணிபௌவா. ராணி கட்டிய சத்திரம் என்று பொருள். இப்போது அங்கே லாட்ஜ்கள் வரிசை. வாசலில் பெண்கள் தறி போட்டு நாகின் ரோமத்தில்... மன்னிக்கவும், போர்டில் 'யாக்' என்றுதான் எழுதியிருக்கும்... சால்வை நெய்துகொண்டிருப்பார்கள். நனைந்த தலையோடு நடுங்கிக்கொண்டு போகிறவளைப் பார்த்ததும் ஒரு தீதி தறியை நிறுத்திவிட்டுக் கேட்பாள்: "தாத்தோ பானி?" வெந்நீர் வேண்டுமா என்று. ஒரு பக்கெட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.